பகவதி சிரித்த கதைகள்

ஜூன் 1, ஞாயிறு

மோட்டார் மறுபடியும் தண்ணீர் ஏற்றவில்லை. அதைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மரியதாஸ் வந்தார். பாளையங்கோட்டையில் பதிப்பகம் நடத்துகிறவர். என் ஆய்வேட்டைப் புத்தகமாகப் போட முடியுமா என்று கேட்டபோது, காகித விலை ஏறியிருப்பதைப் பற்றி விரிவாகப் பேசி அனுப்பியவர். அவருக்குப் பின்னால் ஆட்டோவிலிருந்து தளவாய் இறங்கினான். கையில் இரண்டு சாக்கு.

தளவாய் என்னோடு கல்லூரியில் படித்தவன். மின்வாரியத்தில் எழுத்தர். அலுவலகத்தில் மிஞ்சுகிற நேரத்தில் நகைச்சுவைக் கதைகளும் கட்டுரைகளும் எழுதுவான். வார இதழ்களில் வரும், தீபாவளி மலர்களில் வரும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வானொலியில் அவனே வாசிப்பான். பலர் எழுதிய தொகுப்பு நூல் எதைப் பிரித்தாலும் எங்காவது ஓரிடத்தில் அவன் உட்கார்ந்திருப்பான். ஆனால் அவன் பெயரில் தனியாக ஒரு புத்தகம் கிடையாது. இத்தனை வருடங்களில் அந்த ஒரு விஷயத்தில்தான் நாங்கள் இருவரும் சமமாக இருந்தோம்.

சாக்குகளில் இருந்தவை அவன் இதுவரை எழுதிய அத்தனையும்.

"முந்நூறுக்கு மேல இருக்கும் ஸார்," என்றார் மரியதாஸ். "நாப்பது போதும். நல்லதாப் பாத்து நீங்க எடுத்துத் தரணும். ஆகஸ்டுல வெளியீடு. இது ஓடுனாதான் உண்டு. ஓடலைன்னா இவரை வச்சு இன்னொரு தடவை நான் கையைச் சுட்டுக்கிட முடியாது."

"நானே எடுக்கலாம் வே," என்றான் தளவாய். "ஆனா எல்லாம் நான் பெத்த பிள்ளைகளால்லா இருக்கு. எதைப் பட்டினி போட? நீரு அங்கதத்துக்கே டாக்டர் பட்டம் வாங்குன ஆளு. உமக்குத்தான் இரக்கம் கிடையாது."

காப்பி கொண்டுவந்த என் மனைவி பகவதி சிரித்துவிட்டாள். தட்டில் டபராக்கள் ஆடின.

"நீங்க பேசுததையும் யாராவது எழுதி வச்சிருக்கணும் அண்ணாச்சி," என்றாள்.

இலக்கியத்துக்காக ஒப்புக்கொண்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

சாக்குகளைப் பிரித்து உணவு மேசையில் அடுக்கினேன். எலி கடித்த பக்கங்கள், எண்ணெய் பட்ட பக்கங்கள், வானொலிக்குத் தட்டச்சு செய்த பிரதிகள். ஒழுங்காக எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். நான் எழுதியவற்றைத் தேதிவாரியாகக் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். திரும்பி வந்தவை அவை என்பதால் காணாமல் போக வாய்ப்பும் இல்லை.

பகவதியின் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. மாலையில் வந்து கைகால் கழுவிவிட்டு, மேசையில் கிடந்ததில் ஒன்றை எடுத்துப் படித்தாள். பாளையங்கோட்டைப் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். ஒன்பதாம் வகுப்பே இவளைக் கண்டு நடுங்கும் என்பார்கள். அவள் சிரிப்பு ஒரு விசித்திரமான விஷயம். முதலில் சத்தமே வராது. தோள்கள் மட்டும் குலுங்கும். பிறகு விக்கல்போல ஒரு ஒலி. அதன்பின் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அவள் படித்தது 'துக்க வீடு' என்ற கதை. ஒருவன் இறந்த உறவினரைப் பார்க்கப் போகிறான். தெரு தெரியும், வீடு தெரியாது. பந்தல் போட்ட வீட்டுக்குள் நுழைந்து, கண்ணில் பட்டவரைக் கட்டிப்பிடித்து அழுகிறான். செத்தது யாரோ ஒரு பாட்டையா என்று தெரிவதற்குள் அந்த வீட்டுக்காரர்கள் அவனிடம் காப்பி விநியோகப் பொறுப்பை ஒப்படைத்துவிடுகிறார்கள். இவ்வளவு நன்றாக வேலை செய்கிறவனை விட மனமில்லாமல் மறுநாள் காரியத்துக்கும் வரச் சொல்கிறார்கள். எதிர் வீட்டில் அவனுடைய சொந்தக்காரர்கள் நின்று, ஊரான் வீட்டில் இவன் அழுவதைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார்கள்.

"யம்மா, முடியல," என்று சொல்லிக் காகிதத்தை மேசையில் போட்டாள். மூக்கு சிவந்திருந்தது.

இரண்டு அட்டைப்பெட்டிகள் எடுத்து வைத்திருக்கிறேன். பிஸ்கட் வந்த பெட்டி புத்தகத்தில் சேர்ப்பவற்றுக்கு. மேசை விசிறி வந்த பெட்டி தள்ளுபவற்றுக்கு. 'துக்க வீடு' விசிறிப் பெட்டிக்குள் போனது.

காரணம் எழுதிவைக்க வேண்டும். உடனே சிரிப்பை வரவழைப்பது மலினமான எழுத்து. நிலைத்து நிற்க வேண்டிய ஒரு தொகுப்பில் அதற்கு இடமில்லை. என் ஆய்வேட்டின் நான்காம் இயலில் இதை விளக்கியிருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

சிலிண்டர் வந்தது. மாலையில் 'வரிசை' என்ற வானொலி நாடகத்துக்கும், மாமனார் வீட்டு மின்விசிறி பற்றிய கட்டுரைக்கும் பகவதி சிரித்தாள். இரண்டும் விசிறிப் பெட்டிக்கு.

ஜூன் 8, ஞாயிறு

இப்போது அவள் பள்ளியிலிருந்து வருவதற்கு முன்பே ஐந்தாறு பக்கங்களை மேசையில் எடுத்து வைத்துவிடுகிறேன். நான் பக்கத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்துகொள்கிறேன். செய்தித்தாளின் மேல் விளிம்பு வழியாக அவள் முகம் தெரியும். அவள் சிரித்தால் அது தள்ளவேண்டியது. சிரிக்காவிட்டால் சேர்க்கவேண்டியது. வேலை மிகவும் சுலபமாகிவிட்டது. சில கதைகளை நான் படிக்கவே தேவையில்லாமல் போகிறது.

இன்று வானொலிப் பிரதிகள். தளவாய்க்கு அங்கே மாதம் இரண்டு ஞாயிறு கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு முறை, விவசாயச் செய்திக்கும் நிலைய அறிவிப்புக்கும் நடுவில் பத்து நிமிடம். 'தமிழர் வாழ்வில் நகை' என்று பேசினேன். ஒலிப்பதிவுக்கு ஒரு வாரம் தொண்டைக்கு மிளகுப்பால் குடித்தேன். ஒலிபரப்பான அன்று பகவதி அடுப்படியில் நின்று கேட்டாள். முடிந்ததும், எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லா இருந்துது. குரல் தெளிவா இருந்துது," என்றாள்.

குரல் தெளிவாக இருந்ததாம். வானொலிப்பெட்டி புதிது. தெளிவாகத்தான் இருக்கும்.

தளவாயின் ஞாயிறுகளில் அவள் தோசை வார்க்கமாட்டாள். இட்லிதான். இட்லியென்றால் தட்டை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்கலாம். இதை அவள் ஒருபோதும் சொன்னதில்லை. நானாகக் கண்டுபிடித்ததுதான்.

ஜூன் 12, வியாழன்

கல்லூரி அடுத்த வாரம் திறக்கிறது. பாடவேளைப் பட்டியலில் வழக்கம்போல எனக்கு மதிய வகுப்புகள். துறைத்தலைவருக்கு என்மேல் உள்ள வன்மம் இன்னும் தீரவில்லை.

பகவதி கூடத்தை ஒட்டடை அடித்தாள். விசிறிப் பெட்டியைத் தூக்கி நகர்த்தும்போது அதன் மேல்மூடி திறந்துகொண்டது. "இதுல இருக்கதெல்லாம் என்னது?" என்று கேட்டாள். வேண்டாதவை என்றேன். பெட்டியின் முன்னால் குனிந்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். ஒன்றிரண்டை எடுத்துப் பார்த்தாள். பிறகு மூடியை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு, "புளிக்குழம்புக்குச் சேனை போடவா, கத்திரிக்காய் போடவா?" என்றாள்.

சேனை என்றேன்.

ஜூன் 14, சனி

இன்று நல்ல நாள்.

'செருப்பு' என்ற கதையை வைத்தேன். கல்யாண வீட்டில் பழைய செருப்பைத் தொலைத்தவனுக்கு யாருடைய புதுச் செருப்போ கிடைக்கிறது. மனசாட்சி உறுத்த, உரிய ஆளைக் கண்டுபிடிக்க ஊரில் நடக்கும் எல்லாக் கல்யாணங்களுக்கும் அழைப்பில்லாமல் போகிறான். எல்லாப் புகைப்படங்களிலும் நிற்கிறான். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்றும், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றும் நினைக்கிறார்கள். கடைசியில் ஒரு கல்யாணத்தில் அவனையே சம்பந்தி சண்டைக்கு நடுவராக உட்கார வைத்துவிடுகிறார்கள். இதற்கு நிச்சயம் விக்கல் வரும் என்று எதிர்பார்த்தேன்.

பகவதி பரீட்சைத் தாள் திருத்துகிற முகத்தோடு படித்து முடித்தாள். ஒரு கை மேசைக்கு அடியில் இருந்தது. பக்கங்களை அடுக்கி வைத்தாள்.

"எப்படி?" என்றேன்.

"பரவாயில்ல."

பரவாயில்லையாம். தளவாயின் கதைக்கு என் வீட்டில் பரவாயில்லை. பிஸ்கட் பெட்டிக்குள் போட்டேன். வாடிக்கைக்கு மாறாக இரண்டாம் முறையும் காப்பி கேட்டேன். கொடுத்தாள்.

ஜூன் 19, வியாழன்

இது எனக்குப் புரியவில்லை.

கடந்த சில நாட்களாக எதற்கும் சிரிக்காமல் இருந்தவள், இன்று 'பூரிக்கட்டை' என்ற கட்டுரைக்குச் சிரித்தாள். பெண்டாட்டி பூரிக்கட்டையால் அடிப்பாள் என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. ஏதோ இதழின் பக்கத்தை நிரப்ப அவசரத்தில் எழுதிக் கொடுத்திருப்பான். தளவாயே வெட்கப்பட வேண்டிய எழுத்து.

ஆனால் அவள் சிரித்த சிரிப்பு. தோள் குலுங்கவில்லை, விக்கல் இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

"அப்படி என்ன இருக்கு அதுல?" என்றேன்.

"ஐயோ, அந்தப் பூரிக்கட்டை," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விசிறிப் பெட்டி.

ஜூன் 22, ஞாயிறு

'குழாயடி மாநாடு' - சிரித்தாள். 'கொசுவலை' - சிரித்தாள், இரண்டு முறை. ஏப்ரல் முதல் தேதி பற்றி அவன் வருடா வருடம் எழுதியவை எல்லாவற்றுக்கும் சிரித்தாள். எல்லாம் குப்பை. என் முதலாமாண்டு மாணவன் எழுதிக் கொண்டுவந்தால் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

எழுத்தைப் படித்து வருகிற சிரிப்பாக இருந்தால் நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கும். இவள் கெட்டதற்குத்தான் அதிகம் சிரிக்கிறாள். அப்படியானால் இவளைச் சிரிக்க வைப்பது எழுத்து இல்லை. எழுதியவன்.

இதை எழுதிவிட்டுச் சிறிது நேரம் வெளியே போய் மோட்டாரைப் பார்த்தேன்.

ஜூன் 25, புதன்

தளவாய் வந்தான். அவன் தென்காசி மாற்றலில் இருந்தபோது பழக்கமான யாரோ கொடுத்த மாம்பழங்களாம், ஒரு பை நிறைய. என்னிடம் கொடுக்கவில்லை. நேராக அடுப்படி வாசலுக்குப் போய், "தங்கச்சி, இது புளிச்சா என்னைய ஏசக்கூடாது. உங்க வீட்டுக்காரரை ஏசிக்கிடுங்க. அவருக்குத்தான் பழகியிருக்கும்," என்றான்.

அவள் சிரித்தாள். பழைய சிரிப்பு, தோள் குலுங்குகிற சிரிப்பு. இதற்குமட்டும் அது வருகிறது.

பிறகு என் எதிரில் உட்கார்ந்தான்.

"வே சிவசைலம். அந்தத் துக்க வீட்டுக் கதை உள்ள வருதுல்லா?"

"பரிசீலனையில் இருக்கு."

"எங்கய்யா காரியம் முடிஞ்ச வாரம் எழுதுனது. அன்னைக்கு வந்து அழுதவன்ல பாதிப்பேரை எனக்கு யாருன்னே தெரியல பாத்துக்கிடும். ஒருத்தன் ரெண்டு நாள் இருந்துட்டுப் போனான். எங்கம்மா அவனை எங்கய்யா ஆபீஸ்னு நெனச்சா. நான் அம்மா பக்கத்துச் சொந்தம்னு நெனச்சேன்." நிறுத்திவிட்டு, "அது ஒண்ணு வந்தாப் போதும். மத்ததெல்லாம் நீரு பாத்துச் செய்யும். எனக்கு இந்த ஒரு புத்தகம்தான வே," என்றான்.

அவன் கிளம்பும்போது பகவதி வாசல்வரை போனாள். நான் பனியனுக்கு மேல் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதற்குள், வேலிக்கதவருகே நின்று இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஏதோ கேட்க, அவன் விரல்விட்டு ஒவ்வொன்றாகச் சொன்னான். என்னைக் கண்டதும் நிறுத்தினார்கள்.

"என்ன பேச்சு?" என்றேன்.

"மாம்பழத்தைப் பத்தி," என்றாள்.

மாம்பழத்துக்கு விரல்விட்டு எண்ண என்ன இருக்கிறது. எனக்குப் பசிக்கவில்லை. பழம் சாப்பிடவில்லை. நன்றாகத்தான் இருந்திருக்கும், வாசனை வந்தது.

ஜூலை 2, புதன்

பகவதி மாலையில் சிறப்பு வகுப்பு என்று சொல்லிப் போனாள். பள்ளிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான். தலைமையாசிரியை எடுத்தார். "வகுப்புல இருக்காங்களே, கூப்பிடவா?" என்றார். வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.

இணைப்பு சரியாக இருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

நாற்பது கதைகளும் முன்னுரையும் மரியதாஸிடம் கொடுத்தாயிற்று.

முன்னுரைக்கு இரண்டு நாள் செலவழித்தேன். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து வைத்தேன். 'தளவாய் என்கிற எழுத்தாளர் எத்தகையவர் என்பதற்கு இத்தொகுப்பைவிட வேறு சான்று வேண்டியதில்லை.' 'இவ்வளவு காலம் இவரை ஏன் யாரும் புத்தகமாக்கவில்லை என்ற கேள்விக்கு வாசகர்கள் இனி விடை காண்பார்கள்.' புத்தகத்தைப் படித்து முடித்தபின் இந்த வரிகள் தளவாயைக் குத்தும். குத்தியது நான் என்று ஒருவராலும் நிரூபிக்க முடியாது.

மரியதாஸ் அங்கேயே நின்றுகொண்டு படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனசைத் தொட்டுட்டு ஸார்," என்றார்.

பாவம். வியாபாரி.

ஜூலை 7, திங்கள்

இன்று கேட்டுவிட்டேன். எத்தனை நாள்தான் பொறுப்பது.

பகவதி கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தளவாய் எதை எழுதினாலும் உனக்குச் சிரிப்பு வந்துருது, இல்லியா?"

"எதை எழுதினாலும் வராது."

"பூரிக்கட்டைக்கு வந்துது. குழாயடி மாநாட்டுக்கு வந்துது. கொசுவலைக்கு ரெண்டு தடவை வந்துது."

"எண்ணிக்கிட்டா இருந்தீங்க?"

"பேசாம அவனையே கட்டியிருக்கலாம் நீ."

சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் சொல்லியாயிற்று. அவள் கத்தியைத் தட்டில் வைத்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள், கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

"அந்தப் பூரிக்கட்டை மாதிரி ஒரு குப்பையை நான் படிச்சதில்லை," என்றாள். "அதுக்குச் சிரிக்க என்ன பாடுபட்டேன்னு எனக்குத்தான் தெரியும். தாடை வலிச்சுது."

"பின்ன ஏன் சிரிச்ச?"

"நான் சிரிச்சதெல்லாம் விசிறிப் பெட்டிக்குள்ள போகுதுல்லா. ஒட்டடை அடிச்ச அன்னைக்குப் பாத்தேன். துக்க வீடு அங்க கிடக்கு. வரிசை அங்க கிடக்கு. நான் எதுக்கெல்லாம் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சேனோ, ஒண்ணு விடாம அதுல கிடக்கு. அப்பத்தான் தெரிஞ்சுது, செய்தித்தாளை வச்சுக்கிட்டு நீங்க என்ன படிக்கீங்கன்னு. சரி, இவரு இப்படித்தான் பொறுக்குதாருன்னா நாம மாத்திச் சிரிப்போம்னு முடிவு பண்ணினேன். நல்லதுக்கெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். செருப்புக் கதை படிக்கும்போது தொடையைக் கிள்ளிக்கிட்டேன். ஒரு வாரம் கன்னிப் போயிருந்துது."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தேன்.

"வாசல்ல அவன்கூட என்ன பேசுன?"

"உங்களுக்கே பிடிக்காம எழுதுன கதை எதெல்லாம் அண்ணாச்சின்னு கேட்டேன். சொன்னாரு. அதுக்கெல்லாம் சிரிச்சு வச்சேன். உங்களைப் பத்தி அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா மனுசன் உடைஞ்சு போயிருப்பாரு. நீங்க நல்லாச் செஞ்சு தருவீங்கன்னு ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியுதாரு."

மரியதாஸிடம் நான் கொண்டுபோய்க் கொடுத்தது எது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதல் வாரத்துக் கதைகளைத் தவிர, தளவாயின் நல்ல எழுத்து அத்தனையையும் நானே கையால் அடுக்கி, முன்னுரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"போயி மாத்திக்கிடுங்க," என்றாள் பகவதி. "நான் தடுக்கல. அது உங்க பாடு, அவரு பாடு. ஆனா ஒண்ணு சொல்லுதேன். எனக்கு இந்த வீட்ல சிரிக்கதுக்குன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. பள்ளிக்கூடத்துல சிரிச்சா பிள்ளைகளுக்குப் பயம் விட்டுரும். ஞாயித்துக்கிழமை ரேடியோ, வாரத்துக்கு ரெண்டு பக்கம், அவ்வளவுதான் எனக்கு. அதையும் நீங்க எதிர்க்க உக்காந்து அளந்திருக்கீங்க. இனிமே உங்க முன்னால நான் சிரிக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அதே குரலில், "இவ்வளவு போதுமா, இன்னும் கொஞ்சம் நறுக்கவா?" என்றும் கேட்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பதிப்பகத்துக்குப் போனேன். ஆனித் தேருக்குக் கொடியேறியிருப்பதால் டவுன் பேருந்துகளில் நிற்க இடமில்லை.

தொகுப்பை மாற்றுவதற்காகத்தான் போனேன். விசிறிப் பெட்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனேன். மரியதாஸிடம், சிலவற்றை எடுத்துவிட்டு வேறு சிலவற்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்றேன். அவர் கேள்வி கேட்கவில்லை. "நீங்க சொன்னாச் சரிதான் ஸார். அடுத்த வாரம் அச்சுக்குப் போகுது, இன்னைக்குள்ள முடிச்சிருங்க," என்று அச்சுப்படிகளை என் முன்னால் வைத்துவிட்டு, சாப்பிடப் போய்விட்டார்.

எதை எடுப்பது என்று முடிவு செய்ய, படிக்க வேண்டும். அந்த அறையில் நான் மட்டும்தான். பார்ப்பதற்கு யார் முகமும் எதிரில் இல்லை. 'செருப்பு' கதையை முதல்முறையாக முழுக்கப் படித்தேன். சம்பந்தி சண்டைக்கு நடுவராக உட்கார்ந்தவன், தன் காலில் இருப்பது தன் செருப்பு இல்லை என்பதால் காலை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டே தீர்ப்புச் சொல்கிற இடம் வந்தபோது எனக்கு இருமல் வந்துவிட்டது. பக்கத்து அறையில் கணினியில் அச்சுக்கோத்துக்கொண்டிருந்த பெண் வந்து, "தண்ணி வேணுமா ஸார்?" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வருகிற அளவுக்கு இருமல். பழைய காகிதத் தூசி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் அது புதுக் காகிதம்.

காலையில் பகவதி செய்தித்தாளின் கடைசிப் பக்கத்துத் துணுக்குகளைப் படித்தாள். எப்போதும் அதில் ஒன்றையாவது எனக்கு வாசித்துக் காட்டுவாள். நான் எரிச்சல் படுவேன். இன்று படித்தாள், மடித்தாள், வைத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பதிப்பகத்தில் நடந்ததைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கங்களாக அச்சடிக்கிறார்கள். கடைசிப் பதினாறில் பாதிக்குமேல் வெறுமையாக விழுந்தது. காகிதம் வீணாவது எனக்குப் பிடிக்காது. அதனால் 'துக்க வீடு', 'வரிசை', மாமனார் வீட்டு மின்விசிறி ஆகியவற்றையும் முதல் வாரத்தில் தள்ளிய மற்றவற்றையும் சேர்த்தேன். அவை வந்ததால் இன்னும் ஒரு பதினாறு பக்கம் தேவைப்பட்டது. மரியதாஸ் தலையைச் சொறிந்தார். பூரிக்கட்டை முதலானவற்றைச் சேர்க்கவில்லை. அவற்றுக்கு இடமில்லை.

முன்னுரையைத் திருப்பி வாங்கிப் படித்தேன். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜூலை 15, செவ்வாய்

வீட்டில் சத்தமே இல்லை. படிப்பதற்கு வசதியாக இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

தளவாய் வானொலியில் வாசிக்கிற ஞாயிறு. பகவதி தோசை வார்த்தாள். ஒவ்வொன்றாக வார்த்து எடுத்து வந்து வைத்தாள். நானே போய் வானொலிப்பெட்டியைப் போட்டேன். "எனக்கு வேண்டாம், உங்களுக்குக் கேக்கணும்னா கேளுங்க," என்றாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அணைத்தேன். ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியைத் தனியாகக் கேட்பது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது.

மாலையில் குற்றாலத்தில் சீசன் நன்றாக இருக்கிறதாம், போகலாமா என்றேன். பரீட்சைத் தாள் இருக்கிறது என்றாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வெளியீட்டு விழா. மின்வாரிய ஆட்கள், வானொலி நேயர்கள், எப்போதோ அவனுக்கு ரசிகர் கடிதம் எழுதியவர்கள் எல்லாரும் வந்து, மண்டபத்தில் சுவரோரமாக நிற்கிற அளவுக்குக் கூட்டம். என் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர்கள் எண்ணிக்கை நினைவுக்கு வந்தது. அதில் இரண்டு பேர் தேர்வாளர்கள்.

தொகுப்பாளர் என்பதால் என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். நீளமான மேசை, தரைவரை தொங்கும் பச்சை விரிப்பு. பகவதி மூன்றாவது வரிசை ஓரத்தில் இருந்தாள். அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். அவள் கையில் புத்தகம் இன்னும் வரவில்லை. மேடையில்தான் முதலில் கொடுப்பார்கள்.

பேசியவர்கள் எல்லாரும் என் தேர்வைப் பாராட்டினார்கள். எதை எடுக்க வேண்டும் என்பதைவிட எதை விட வேண்டும் என்று தெரிந்தவர் என்றார் ஒருவர். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தளவாய் எழுந்தான். என் பக்கம் திரும்பி, "இவரு முன்னுரையில என்னைப் பத்தி எழுதியிருக்கதைப் படிச்சு எங்க வீட்ல நம்பல. இது வேற தளவாயா இருக்கும்னு சொல்லுதா," என்றான். கூட்டம் சிரித்தது. பிறகு, "ஏற்புரைன்னு தனியா ஒண்ணும் இல்ல. ஒரு கதை வாசிக்கேன். உள்ள வருமா வராதான்னு நான் பயந்துக்கிட்டே இருந்த கதை. எங்க சிவசைலம் உள்ள வச்சிருக்காரு," என்று புத்தகத்தைப் பிரித்தான். "துக்க வீடு."

பகவதி சட்டென்று என்னைப் பார்த்தாள். நான் தளவாயைப் பார்த்தேன்.

நன்றாகத்தான் வாசிக்கிறான். அதை மறுப்பதற்கில்லை. பந்தலுக்குள் நுழைந்தவன் யாரையோ கட்டிப்பிடித்து அழும்போதே முன்வரிசை சிரிக்கத் தொடங்கிவிட்டது. காப்பி விநியோகம் வந்தபோது சுவரோரம் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். மரியதாஸ் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார்.

அத்தனை பேருக்கு நடுவில் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் இருந்தாள். தோள்கள் இரண்டும் இறுகி உயர்ந்திருந்தன. உதட்டை உள்ளே மடித்துப் பல்லால் பிடித்திருந்தாள். ஒரு கை மடியில் முந்தானைக்குக் கீழே இருந்தது. மூக்கு சிவந்துகொண்டே வந்தது. கண் மட்டும் என்மேல் இருந்தது. நான் மேடையில் இருக்கிறேன். எங்கே திரும்பினாலும் அவள் முன்னால்தான் இருக்கிறேன்.

கதையில் காரியத்துக்கு அழைக்கிற இடம் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

மேசை விரிப்பைத் தூக்கி, குனிந்து, தலையை மேசைக்கு அடியில் விட்டேன். உள்ளே இருட்டாகவும் புழுக்கமாகவும் இருந்தது. ஒலிபெருக்கியின் வயர்களும் தலைமை வகித்தவரின் கால்களும் தெரிந்தன. மேலே தளவாயின் குரல் போய்க்கொண்டிருந்தது. கூட்டம் அதிர்ந்து சிரித்தது. நான் அப்படியே இருந்தேன். சிரிப்பு மெல்ல அடங்கியபோது, மூன்றாவது வரிசை ஓரத்திலிருந்து, மற்ற எல்லாருக்கும் பிந்தி, விக்கல்போல ஒரு ஒலி கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு நிறுத்த முடியாமல் போய்விட்டது அவளுக்கு.

மரியதாஸ் பக்கத்து நாற்காலியிலிருந்து குனிந்து என் காதருகே வந்தார்.

"என்ன ஸார் தேடுதீங்க?"

"பேனா."

"பேனா உங்க சட்டைப் பையிலதான ஸார் இருக்கு."

"தெரியும்," என்றேன். கதை முடியும்வரை தலையை வெளியே எடுக்கவில்லை.